பட்டுத் துணியில் சுற்றி வைத்த கேமரா

நம் வீடுகளில் 'பத்திரமாக வை' என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பொருளை ஒரு துணியில் சுற்ற வேண்டும். அந்தத் துணி மூட்டையை ஒரு பையில் போட வேண்டும். அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, பீரோவின் உள் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொள்ள வேண்டும். எத்தனை சுற்று சுற்றுகிறோமோ, அந்தப் பொருளின் மேல் நமக்கு அத்தனை பிரியம் என்று கணக்கு.

பட்டுப் புடவை விஷயத்தில் மட்டும் நம் பாட்டிமார்கள் விவரமானவர்கள். வருஷக்கணக்கில் மடித்தபடியே வைத்தால் மடிப்பில் இற்றுப் போகும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழலில் உதறி மடிப்பை மாற்றி வை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஜரிகை மேல் அந்துருண்டை படக்கூடாது என்றார்கள். ஊறுகாய் ஜாடிக்கு ஈரக் கை ஆகாது, பித்தளைக்குப் புளி வேண்டும், பருப்புக்கு வெயில் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு. கேமராவுக்கு என்ன பக்குவம் என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. தெரியாத பொருளுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்கிறோம். எங்கள் வீட்டு யாஷிகா கேமராவுக்கு நடந்ததும் அதுதான்.

ஆணியில் தொங்கிய கேமரா

எங்கள் வீடு ராயப்பேட்டையில், ஜாம் பஜாருக்கு நடந்தே போய்க் காய் வாங்கி வரும் தூரத்தில் இருக்கிறது. என் மாமனார் மவுண்ட் ரோடுப் பக்கம் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தவர். 1968-ல் சீட்டு எடுத்த பணத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போய், செகண்ட் ஹாண்டில் அந்தக் கேமராவை வாங்கி வந்தாராம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போய்விட்டது. கேமரா மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்தது.

அது இரட்டைக் கண் கேமரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் எடுப்பதற்கு. இடுப்பு உயரத்தில் பிடித்துக் கொண்டு, குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். இப்போது போல ஒரு முகத்தை நாற்பது தடவை எடுத்து முப்பத்தொன்பதை அழிக்கிற கதையெல்லாம் கிடையாது. மாமா ஒரு படம் எடுப்பதற்குள் குழந்தை தூங்கிவிடும் என்று அத்தை கேலி செய்வார்.

மாமா அந்தக் கேமராவை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? கூடத்துச் சுவரில், தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் வார் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். அதோடு வந்த தோல் உறை பரணில் கிடந்தது. "தூசி படியுதே, உள்ள எடுத்து வைங்களேன்" என்று அத்தை நூறு தடவை சொல்லியிருப்பார். "கைக்கு எட்டினாத்தானே எடுக்கத் தோணும்" என்பார் மாமா. தூசி தெரிந்தால் அதற்கென்றே வைத்திருந்த ஒரு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுவார். அவ்வளவுதான் பராமரிப்பு. நாற்பத்தொரு வருஷம் அந்தக் கேமரா ஆணியிலேயே இருந்தது. என் கல்யாணம், என் பையன் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் நாள் பள்ளிக்கூடம் போனது எல்லாம் அதில் எடுத்ததுதான்.

2009-ல் மாமா தவறிப் போனார். காரியம் முடிந்த கையோடு அத்தை முதல் வேலையாக ஆணியிலிருந்து கேமராவைக் கழற்றினார். பரணிலிருந்து தோல் உறையை இறக்கித் துடைத்து, அதற்குள் கேமராவை வைத்தார். அதை மாமாவின் பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றினார். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், கவரின் வாயை நூலால் இறுக்கி ஒரு முடிச்சு. அதற்குள்ளேயே நாலு அந்துருண்டை. அப்படியே பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் அது வெளியே வரும். மாமாவின் திதியன்று படையலுக்கு முன்னால், அவர் வேட்டி சட்டையோடு அந்தக் கேமராவையும் வைப்பார். சாம்பிராணி போடுவார். விபூதி இட்ட கையால் எடுத்து, இரண்டு கண்ணையும் முந்தானையால் வட்ட வட்டமாகத் துடைப்பார். கண்ணில் நீர் வழியும். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். மறுபடியும் உறை, பட்டு, கவர், முடிச்சு, பூட்டு. இப்படிப் பதினைந்து வருஷம்.

பாய் அடித்த டார்ச்

2024-ல் என் பேத்திக்கு முதல் பிறந்த நாள் வந்தது. "தாத்தா கேமராவுல பாப்பாவை ஒரு படமாவது எடுக்கணும்மா" என்றான் பையன். அத்தைக்கு அத்தனை சந்தோஷம். அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார். முடிச்சை அவிழ்த்ததும் ஒரு புழுங்கின வாடை வந்தது. தோல் உறையின் மடிப்பில் வெள்ளையாய்த் தூள் பூத்திருந்தது. கேமரா வெளிப்பார்வைக்குப் புதுசு மாதிரிதான் இருந்தது. ஆனால் மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால், கூடத்தில் புகை நிற்பது போலத் தெரிந்தது.

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே பழைய கேமரா பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி. கடை என்று பார்த்தால் இவ்வளவுதான். நானும் பையனும் கொண்டு போனோம். பாய் கேமராவை வாங்கி, பின் மூடியைத் திறந்து, லென்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டார்ச் அடித்தார்.

"வந்து பாருங்கம்மா" என்றார்.

பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே வேர் விட்டிருந்தது. ஆமாம், வேரேதான். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, வெள்ளை நூல் நூலாகக் கிளை பிரிந்து, சிலந்தி வலை மாதிரி விளிம்பு வரைக்கும் ஓடியிருந்தது.

"பூசணம்மா. எங்க வெச்சிருந்தீங்க?"

சொன்னேன். உறை, பட்டு, கவர், முடிச்சு என்று ஒவ்வொன்றாக. பாய் சிரிக்கவில்லை. "நெறைய பேர் இப்படித்தாம்மா கொண்டு வராங்க. ரோட்ல போட்டு ஒடச்சுட்டு வர்றவங்க கொஞ்சம். ஆசையா பூட்டி வெச்சுட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. தெனம் படம் புடிக்கிற ஆளோட கேமராவுல நான் பூசணம் பார்த்ததே இல்ல" என்றார்.

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆயிற்று. லென்ஸை ஒவ்வொரு கண்ணாடியாகப் பிரித்து, பூசணத்தை எடுத்துவிட்டார். ஆனால் அது இருந்த இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. அது போக, முன் கண்ணாடியில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். "இது யாரோ தொடச்சு தொடச்சு வந்ததும்மா. இதை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

கண்ணாடியில் எப்படி முளைக்கும்?

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொட்டியில் பூசணம் வரும், ஊறுகாயில் வரும், செருப்பில் கூட வரும். கண்ணாடியில் தின்பதற்கு என்ன இருக்கிறது? பையனை விட்டுத் தேடித் தரச் சொல்லிப் படித்தேன்.

பூசண வித்து காற்றில் எங்கேயும் இருக்கிறது. எந்த உறை போட்டாலும் அது உள்ளே போகாமல் தடுக்க முடியாது. ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். முளைப்பதற்குத்தான் சில வசதிகள் வேண்டும். ஜெர்மனியில் 1846-ல் தொடங்கிய ஸைஸ் கம்பெனி லென்ஸ் செய்வதில் பேர் போனது. அவர்கள் அந்த வசதிகளைப் பட்டியலே போட்டிருக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். காற்றோட்டம் இருக்கக் கூடாது. இருட்டாக இருக்க வேண்டும். 10 முதல் 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும். சாப்பாட்டுக்குத் துணிப்பிசிறு, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் போதும்.

இப்போது பீரோவின் அடித்தட்டை நினைத்துப் பாருங்கள். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. பட்டுத் துணியின் பிசிறு உண்டு. விரல் பிசுக்கு உண்டு. சாம்பிராணிப் புகையின் கரி உண்டு. தோல் உறை ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக் கொள்ளும். ஈரத்துக்குத்தான் சென்னையில் பஞ்சமா? வருஷத்தில் பெரும்பாலான காலை வேளைகளில் இங்கே ஈரப்பதம் 70-ஐத் தாண்டித்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். கவரின் வாயைக் கட்டினால் ஈரம் உள்ளே வராது என்று நினைக்கிறோம். கட்டும்போதே உள்ளே இருக்கிற ஈரம் எங்கே போகும்?

பூசணம் கண்ணாடியைத் தின்பதில்லை. அதன் மேல் இருக்கிற பிசுக்கைத்தான் தின்கிறது. ஆனால் அது வளரும்போது அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் கண்ணாடியை அரித்துவிடும். சீக்கிரம் கவனித்தால் துடைத்து எடுக்கலாம். நாளானால் பூசணம் போனாலும் தழும்பு போகாது.

இது நம் வீட்டு பீரோவோடு நிற்கிற கதையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நியூ கினிக் காடுகளுக்குப் போன ராணுவத்தினரின் பைனாகுலர், தொலைநோக்கி, கேமரா எல்லாம் சில வாரங்களிலும் மாதங்களிலும் இப்படிப் பூசணம் பிடித்துக் குருடாகிப் போயின. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உட்கார்ந்து இதற்கென்றே ஆராய்ச்சி செய்ய வேண்டி வந்தது. சண்டைக்குப் போன இடத்தில் பகைவனைவிடப் பூசணம் முந்திக்கொண்டது!

முந்தானை செய்கிற வேலை

அடுத்தது அந்த வட்டக் கீறல். நம்மில் யார்தான் மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைக்காதவர்கள்? பருத்திப் புடவை மெத்தென்றுதானே இருக்கிறது, அது எப்படிக் கண்ணாடியைக் கீறும்?

புடவை கீறாது. புடவையில் ஒட்டியிருக்கும் தூசிதான் கீறும். மெரினா நமக்குக் கூப்பிடு தூரம். நம் தெருப் புழுதியில் பாதி மணல். மணல் என்பது குவார்ட்ஸ் என்ற கல்லின் பொடி. கடினத்தை அளக்க ஒன்று முதல் பத்து வரை ஒரு கணக்கு இருக்கிறது. வைரத்துக்குப் பத்து. குவார்ட்ஸுக்கு ஏழு. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரைதான். அதனால் தூசியோடு அழுத்தித் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான்.

தவிரவும், லென்ஸ் என்பது வெறும் கண்ணாடி இல்லை. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போய்விடும். கேமராவுக்குள் நாலைந்து கண்ணாடி இருந்தால், மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வெளிச்சமே வீணாகிவிடும். இதைத் தடுக்க, 1935-ல் ஸைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மகுலா என்பவர் லென்ஸின் மேல் ஒரு மெல்லிய பூச்சுப் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவாக, நீலமாக மினுமினுக்கிறதே, அதுதான் அந்தப் பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் கனத்தில் ஏறக்குறைய எழுநூறில் ஒரு பங்கு! அதன் மேல் விபூதிக் கையையும் முந்தானையையும் வைத்து அழுத்தினால் என்ன ஆகும்?

நம் திருப்பத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் பெரிய வானியல் தொலைநோக்கி இருக்கிறது. வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் வைத்து 1986-ல் திறந்தார்கள். அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். நம் வாசல் கதவின் உயரத்தைவிட அதிகம். இம்மாதிரிப் பெரிய தொலைநோக்கிகளின் கண்ணாடியை ஆளுக்கொரு துணி எடுத்து யாரும் துடைப்பதில்லை. கொஞ்சம் தூசி இருந்தால் இருக்கட்டும் என்று விட்டு வைப்பார்கள். காலம் வரும்போது பழைய அலுமினியப் பூச்சையே கழுவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். நட்சத்திரம் பார்க்கிறவர்களே தூசியோடு சமாதானமாகப் போகிறார்கள். நாம்தான் ஒரு பொட்டுத் தூசியைப் பார்த்தால் பதறுகிறோம். உண்மையில் லென்ஸின் மேல் நாலு புள்ளித் தூசி இருந்தால் படத்தில் அது தெரியவே தெரியாது. துடைத்த கீறலும் விரல் பிசுக்கும்தான் வெளிச்சத்தைச் சிதறடித்துப் படத்தை மங்க வைக்கும்.

அத்தையிடம் சொன்னது

கேமரா வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தையிடம் என்ன சொல்வது? "எதுக்குச் சொல்லணும்? எம்பத்திரண்டு வயசு. நல்லா இருக்குன்னு சொல்லிடு" என்றார் என் கணவர். ஒரு விதத்தில் நியாயம்தான். ஆனால் சொல்லாமல் விட்டால், அடுத்த திதிக்கு மறுபடியும் உறை, பட்டு, கவர், முடிச்சுதானே? மிச்சம் இருக்கிற கண்ணும் போய்விடுமே. அதோடு, அத்தையின் பொருளைப் பற்றி அத்தைக்குத் தெரியாமல் நாங்கள் மூன்று பேர் கூடிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

மத்தியானம் வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "அத்தை, மாமா கேமராவுல பூசணம் புடிச்சிருந்துச்சு. பாய் எடுத்துட்டாரு. ஆனா கண்ணாடியில கொஞ்சம் தழும்பு நின்னுடுச்சு."

அத்தை மெல்லுவதை நிறுத்தினார். "நான் தொடச்சதாலயா?"

"தொடச்சதும் கொஞ்சம். மூடி வெச்சதுதான் முக்கியமா."

வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு ஆணியில மாட்டியிருந்தாரு. நான்தான் சண்டை போட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன்.

என் பையன்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னான். "பாட்டி, ரஷ்யாக்காரங்க வெள்ளி கிரகத்துக்குக் கேமரா அனுப்பினாங்க. வெனேரான்னு பேரு. அங்க 460 டிகிரி சூடு. லென்ஸ் கெட்டுடக் கூடாதுன்னு பலமா ஒரு மூடி போட்டு அனுப்பினாங்க. 1975-ல ரெண்டு கலம் போச்சு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கேமரா. ஆனா ஒவ்வொரு மூடிதான் கழண்டுச்சு. 1978-ல மறுபடி ரெண்டு கலம் போச்சு. ஒரு மூடியும் கழலல. ஒரு படம்கூட வரல."

"சுக்கிரன் வரைக்கும் போயி மூடிய எடுக்க மறந்துட்டானா?"

"மறக்கல பாட்டி. அதுவா கழண்டு விழணும். விழல. 1982-ல வெனேரா 14 போச்சு. அப்ப மூடி நல்லா கழண்டு விழுந்துச்சு. எங்க விழுந்துச்சு தெரியுமா? மண்ணு எவ்வளவு கெட்டின்னு அழுத்திப் பார்க்க ஒரு கை வெச்சிருந்தாங்க. சரியா அந்தக் கைக்கு அடியில போய் விழுந்துடுச்சு. கோடிக்கணக்கான மைல் போயி, அவங்க மூடியையே அவங்க அழுத்திப் பார்த்துட்டு வந்தாங்க!"

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக் கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

மறுநாள் காலையில் காபி குடித்ததும், "அந்த ஆணி இன்னும் இருக்கா பாரு" என்றார். ஆணி இருந்தது. துருப்பிடித்திருந்தது. பையன் புது ஆணி அடித்தான். பிறந்த நாளன்று கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துக் கொண்டு அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். பையன் குனிந்து பார்த்து எடுத்தான். கறுப்பு வெள்ளை ரோல், பன்னிரண்டு படம். கழுவி வந்ததில் ஒன்பது தேறியது. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் லேசாகப் பனி மூடினாற்போல இருக்கிறது. அது தழும்பின் வேலை. மற்றபடி முகம் இரண்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் பல் இல்லை!

நாம் செய்யக் கூடியது

இன்று நம் வீடுகளில் பழைய கேமரா இல்லாவிட்டாலும், மகனோ மகளோ ஆசையாக வாங்கின கேமரா இருக்கும். கை நிறைய செல்போன் இருக்கும். எல்லாவற்றிலும் இருப்பது அதே லென்ஸ்தான். பாய் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தோல் உறை, துணிப்பை எல்லாம் வெளியே கொண்டு போகும்போது மட்டும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள். கூடத்து அலமாரியில் காற்றோட்டமாக இருப்பது பீரோவைவிட நல்லது. சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை லென்ஸில் படியும்.

மூடித்தான் வைக்க வேண்டும் என்றால், ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் கடையில் கிடைக்கிறது. அது 40-லிருந்து 50-க்குள் நின்றால் நல்லது. ஒரேயடியாக உலர்ந்து போவதும் ஆகாது. சிலிகா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் புதிது போடுங்கள், அல்லது சூடாக்கி உலர்த்துங்கள். நீல நிறத்தில் இருப்பதில் விஷமான உப்பு உண்டு. அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். தவழும் குழந்தையின் கைக்கு எந்த நிறத்து உருண்டையும் எட்டக் கூடாது.

அந்துருண்டை, கற்பூரம் இரண்டும் கேமரா பக்கம் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஆவியானது மறுபடி எங்கேயாவது படியவும் செய்யும். பூச்சியைத்தான் அது விரட்டும், ஈரத்தைப் போக்காது. இதோடு இளந்தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பச்சைக் குழந்தையின் துணிமணியிலும் அந்துருண்டை போடாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான காமாலை வரலாம்.

ஈரமான கேமராவையோ போனையோ அரிசி டின்னில் புதைக்காதீர்கள். அரிசித் தூள் சந்து பொந்தெல்லாம் புகுந்துவிடும். வடாம் போல மொட்டை மாடியில் காய வைக்கவும் வேண்டாம். சூட்டில் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை இளகி ஓடும். தவிரவும் லென்ஸ் என்பது பூதக்கண்ணாடிதானே? சூரியனைப் பார்த்து வைத்தால் உள்ளே பொசுக்கிவிடும்.

தூசியை முதலில் ஊத வேண்டும், வாயால் இல்லை. எச்சில் தெறிக்கும். ரப்பர் பந்து மாதிரி ஊதும் கருவி கடையில் கிடைக்கும். பிறகு மெல்லிய பிரஷ். அதற்கும் போகாத பிசுக்குக்கு மட்டும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம். திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும், லென்ஸின் மேல் விடக் கூடாது. விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். வாரா வாரம் துடைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வேர்ப்பது போல அதற்கும் வேர்க்கும். கல்யாண மண்டபத்தில் இது தினமும் நடக்கிறது. பதறித் துடைக்காதீர்கள். வெளியே வருவதற்கு முன்பே பைக்குள் வைத்து மூடி, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு, ஒரு அரை மணி கழித்துத் திறந்தால் வேர்க்காது.

மூக்குக் கண்ணாடிக்கும் இதே சட்டம்தான். குழாயடியில் காட்டித் தூசியைக் கழுவி, விரல் நுனியில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் தொட்டுத் தடவி, அலசி, துவைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். முந்தானை வேண்டாம். போன் லென்ஸையும் தூசியோடு தேய்க்க வேண்டாம். ஈரம் பிழிந்த சுத்தமான துணியால் முதலில் ஒற்றிவிட்டுத் துடைத்தால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மாதம் ஒரு முறையாவது கேமராவைக் கையில் எடுத்து நாலு படம் எடுப்பது. விசைகள் அசையும், காற்று படும், வெளிச்சம் படும். பூசணம் முளைத்தாலும் புள்ளியாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் உங்கள் பீரோவின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். அப்பாவுடையதோ, மாமாவுடையதோ, பெரியப்பாவுடையதோ ஒரு கேமரா அங்கே இருக்கலாம். உறையைக் கழற்றி, பின்னாலிருந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் நீங்களே தேய்க்காமல், தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். ஒன்றும் தெரியவில்லையா, நல்லதாகப் போயிற்று. ஒரு ரோல் ஃபிலிம் வாங்கி, வீட்டில் இருக்கிற பெரியவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுங்கள்.